சிங்கம் யாருக்கு உரியது? யூத, கிறிஸ்தவ மறைநூல்களில் ஒரு குறியீடு

விவிலியத்தில் சிங்கம் எதைக் குறிக்கிறது என்று கேட்டால் இரண்டு விடைகள் உடனே வரும். யூதா கோத்திரத்தின் சிங்கம் என்ற பெயர் இருப்பதால் அது அரச மாட்சியையும் மேசியாவையும் குறிக்கிறது என்பது ஒன்று. பேதுருவின் முதல் நிருபம் பிசாசைக் கர்ச்சிக்கிற சிங்கத்துக்கு ஒப்பிடுவதால் அது தீமையின் உருவம் என்பது மற்றொன்று. அகுஸ்தீன் காலத்திலேயே இந்தப் பிரிப்பு வந்துவிட்டது. ஆண்மையால் கிறிஸ்து சிங்கம், கொடுமையால் சாத்தான் சிங்கம் என்று அவர் விளக்கினார். பிற்கால விளக்கவுரைகள் வசனங்களை இரு பக்கமாக அடுக்கிவிட்டு, இது இருபொருள் கொண்ட குறியீடு என்று சொல்லி நகர்ந்துவிடுகின்றன. அந்த அடுக்கில் பிழை இல்லை. ஆனால் அது எதையும் விளக்கவில்லை. இந்நூல்கள் தோன்றிய உலகில் சிங்கம் அரசனின் உடைமையாக இருந்தது. அந்த உடைமையை இந்நூல்கள் நூற்றாண்டுதோறும் விடாமல் மறுத்து வந்தன என்பதே இன்று நான் முன்வைக்கும் வாதம். அரியணையிலிருந்து சிங்கத்தை இறக்கி, அதன் கர்ச்சனையைக் கடவுளின் வாக்கோடு சேர்த்துவைத்தார்கள். இறுதியில் அது எழுதப்பட்ட சுருளின் பக்கத்தில் போய் நிற்கிறது. யூத மரபும் கிறிஸ்தவ மரபும் இதை வெவ்வேறு வழியில் செய்தன. செய்தது ஒரே வேலை.

முதலில் விலங்கைப் பார்ப்போம். பாலஸ்தீனத்தில் வாழ்ந்தது ஆசியச் சிங்கம். அதன் கடைசிக் காட்டு வாழிடம் இன்று நம் குஜராத்தின் கிர் வனப்பகுதியும் அதன் சுற்றுப்புறமும்தான். விவிலிய காலத்தில் யோர்தான் ஆற்றங்கரைப் புதர்களில் அது பதுங்கியிருந்ததை எரேமியா குறிப்பிடுகிறார். சிலுவைப் போர்க்காலம் வரை அந்நாட்டில் அது முற்றிலும் அழிந்துவிடவில்லை. ஆகவே இவர்கள் பேசுவது கதையில் கேட்ட மிருகத்தைப் பற்றி அன்று. ஆட்டுக்கிடையில் இரவில் பாய்ந்த மிருகத்தைப் பற்றி. எபிரேயப் பாடல்களில் சிங்கம் வரும் இடங்களைச் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகும். பார்ப்பவரின் கண் பெரும்பாலும் தாழ்ந்த இடத்தில் இருக்கிறது. பதுங்கியிருக்கும் சிங்கத்தைப் போல் ஏழையைப் பிடிக்கக் காத்திருக்கும் கொடியவன், தன்னைச் சூழ்ந்து வாய் திறக்கும் பகைவர் என்று, கடிபடப்போகிறவனின் பக்கத்திலிருந்தே சங்கீதங்கள் பேசுகின்றன.

பேரரசுகளின் கலை இதற்கு நேர் எதிரான இடத்தில் நின்று பார்க்கிறது. நினிவேயில் அசுர்பானிபாலின் வட அரண்மனையை அணிசெய்த சிங்க வேட்டைப் புடைப்புச் சிற்பங்கள் கி.மு. 7ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை. இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அம்பு தைத்து இரத்தம் கக்கும் சிங்கத்தையும், பின்கால்கள் செயலிழந்த பிறகும் தலை நிமிர்த்தும் பெண்சிங்கத்தையும் செதுக்கிய சிற்பியின் கைத்திறனுக்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் அதே சிற்பத்தொகுதியில் ஒரு கூண்டும் இருக்கிறது. அதன் மேல் ஓர் ஆள் நின்று கதவைத் தூக்க, சிங்கம் வெளியே வருகிறது. வேட்டை என்பது ஏற்பாடு செய்யப்பட்ட சடங்கு. அரசன் கொல்ல வேண்டும் என்பதற்காகவே மிருகம் கொண்டுவரப்பட்டது. பின்கால்களில் எழுந்து நிற்கும் சிங்கத்தை அரசன் வாளால் குத்தும் காட்சிதான் அசீரிய அரசின் முத்திரை. எகிப்தில் மூன்றாம் அமென்ஹோதெப் தன் ஆட்சியின் முதல் பத்தாண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட சிங்கங்களைக் கொன்றதாக வண்டு வடிவ முத்திரைகளில் பொறித்துப் பரப்பினான். பாபிலோனில் இரண்டாம் நேபுகாத்நேச்சார் ஊர்வல வீதியின் இரு சுவர்களிலும் மெருகேற்றிய செங்கற்களால் சிங்க வரிசையை நடக்கவிட்டான். அது இஷ்தார் தெய்வத்தின் விலங்கு. அத்தெய்வம் காக்கும் அரசின் விலங்கு. சிங்கத்தைக் கொல்பவனும் வளர்ப்பவனும் அரசன் ஒருவனே.

இந்தப் பின்னணியோடு எபிரேய நூல்களில் சிங்கத்தைக் கொன்றவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். சிம்சோன் திம்னாத்தின் திராட்சைத் தோட்டங்களின் அருகே வெறுங்கையால் ஒன்றைக் கிழிக்கிறான். அதைத் தாய்தகப்பனிடம்கூடச் சொல்வதில்லை. பெனாயா உறைமழைக் காலத்தில் குழிக்குள் இறங்கி ஒன்றைக் கொல்கிறான். அவன் தாவீதின் படைவீரன். தாவீதும் கொன்றிருக்கிறானே, அவன் அரசன் அல்லவா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சாமுவேலின் முதல் நூல் அந்த நிகழ்ச்சியை எங்கே வைக்கிறது? தகப்பனின் ஆடுகளை மேய்த்த இளைஞன், கவ்விச் செல்லப்பட்ட ஓர் ஆட்டை மீட்கப் பின்தொடர்ந்து ஓடியபோது நடந்தது அது. கோலியாத்தின் முன் நிற்குமுன் சவுலிடம் அதைச் சொல்லும்போது, தன்னைத் தப்புவித்தது கர்த்தர் என்று கணக்கைத் தீர்த்துவிடுகிறான். முடி சூட்டிக்கொண்ட பிறகு தாவீது சிங்க வேட்டைக்குப் போனதாக ஒரு வரிகூட இல்லை. எந்த இஸ்ரவேல், யூதா அரசனும் போனதாக இல்லை. அண்டை அரசர்களின் புகழுரைகளில் தவறாமல் இடம்பெறும் ஒரு செயல், நானூறு ஆண்டு அரச வரலாற்றைச் சொல்லும் நூல்களில் ஓரிடத்திலும் இல்லாமல் போவதைத் தற்செயல் என்று தள்ள என்னால் முடியவில்லை.

இஸ்ரவேல் அரசர்களுக்குச் சிங்கத்தின் மேல் ஆசை இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஆசை இருந்ததற்குக் கல்லில் சான்று உண்டு. 1904இல் மெகிதோவில் நடந்த அகழாய்வில் சூரியகாந்தக் கல்லாலான ஒரு முத்திரை கிடைத்தது. அதில் வாலை உயர்த்தி வாய் திறந்து கர்ச்சிக்கும் சிங்கம்; மேலும் கீழுமாக, யெரொபெயாமின் ஊழியனான சேமா என்பவனுடையது என்ற எழுத்து. மூல முத்திரை இஸ்தான்புல்லுக்கு அனுப்பப்பட்டுத் தொலைந்துபோனது. வார்ப்புப் படிதான் மிஞ்சியிருக்கிறது. ஆய்வாளர்களில் மிகப் பலர் இந்த யெரொபெயாம் கி.மு. 8ஆம் நூற்றாண்டில் வடநாட்டை ஆண்ட இரண்டாம் யெரொபெயாம் என்றே கொள்கிறார்கள். அரசாங்க ஆவணங்களில் சிங்கம் பதிந்துகொண்டிருந்த அதே ஆட்சியில்தான் தெக்கோவாவிலிருந்து ஆமோஸ் வருகிறார். ஆட்டு மந்தையோடு வாழ்ந்தவர், தென்னாட்டார். அவர் பேச்சின் தொடக்கமே கர்த்தர் சீயோனிலிருந்து கர்ச்சிக்கிறார் என்பது. இரை இல்லாமல் காட்டில் சிங்கம் கர்ச்சிக்குமா என்று கேட்கிறார். சிங்கம் கர்ச்சித்துவிட்டது, இனி யார் பயப்படாதிருப்பார், கர்த்தர் பேசிவிட்டார், இனி யார் தீர்க்கதரிசனம் சொல்லாதிருப்பார் என்று இரண்டையும் ஒரே மூச்சில் இணைக்கிறார். யாருடைய இரை? எளியவனை ஒரு ஜோடிச் செருப்புக்கு விற்றவர்கள், யானைத்தந்த மாளிகைகளில் சாய்ந்திருப்பவர்கள். சமாரியாவின் அகழாய்வில் அந்த யானைத்தந்தச் செதுக்குகளும் கிடைத்திருக்கின்றன; அவற்றில் படுத்திருக்கும் சிங்கங்களும் உண்டு. அரசும் செல்வரும் தங்கள் அணியாக வைத்திருந்த சிங்கத்தை ஆமோஸ் அவர்கள் மேலேயே திருப்பிவிட்டார்.

ஆமோஸின் இன்னொரு உவமையை நான் இங்கே விட்டுச்செல்ல மாட்டேன். சிங்கத்தின் வாயிலிருந்து மேய்ப்பன் இரண்டு கால்களையோ காதின் ஒரு துண்டையோ பிடுங்கி எடுப்பதுபோல் சமாரியாவின் மக்கள் தப்புவிக்கப்படுவார்கள் என்கிறார். மேலோட்டமாகப் படித்தால் மிச்சம் இருக்கும் என்ற ஆறுதல்போலத் தோன்றும். யாத்திராகமத்தின் சட்டம் தெரிந்தால்தான் இதன் கடுமை புரியும். ஒப்படைக்கப்பட்ட ஆடு கொடிய மிருகத்தால் பீறுண்டு போனால், பீறுண்ட பகுதியைச் சாட்சியாகக் கொண்டுவந்து காட்ட வேண்டும். காட்டினால் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. அப்படியானால் அந்தக் காதுத்துண்டு ஆடு பிழைத்ததற்கு அடையாளம் ஆகாது. ஆடு செத்ததற்கான சான்றுதான் அது. மந்தைத் தொழிலின் கணக்கு தெரிந்த ஒருவரால் மட்டுமே இப்படிப் பேச முடியும். அரச முத்திரையில் சிங்கத்தைச் செதுக்கியவர் அதன் கம்பீரத்தைப் பார்த்தார். ஆமோஸ் அதன் வாயில் எஞ்சியதைப் பார்த்தார். பெத்தேலின் ஆசாரியன் அமத்சியா அவரை நாட்டைவிட்டுப் போகச் சொல்லி, இது ராஜாவின் பரிசுத்த இடம் என்று நினைவூட்டியபோது, அவனுக்கு விஷயம் சரியாகப் புரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

சிங்கம் அரசனுக்குக் கட்டுப்படாது, கடவுளுக்குக் கட்டுப்படும் என்பதை இரண்டு கதைகள் காட்சியாகவே காட்டுகின்றன. இராஜாக்களின் முதல் நூல் 13ஆம் அதிகாரத்தில், யூதாவிலிருந்து வந்த தேவமனிதன் பெத்தேல் பலிபீடத்தைக் கண்டித்துவிட்டு, தனக்கு இட்ட கட்டளையை வழியில் மீறுகிறான். சிங்கம் அவனைக் கொல்கிறது. கொன்றபின் பிணத்தைத் தின்னவில்லை; பக்கத்தில் நின்ற கழுதையையும் தொடவில்லை. கழுதையும் சிங்கமும் பிணத்தின் இருபுறம் நிற்பதை வழிப்போக்கர் பார்க்கிறார்கள். பசியால் கொன்ற மிருகம் அப்படி நிற்காது. தானியேலின் கதையில் தரியு அரசன் பொழுது சாயும்வரை தன் அமைச்சனைக் காப்பாற்றப் போராடுகிறான்; தானே கையெழுத்திட்ட ஆணை அவனைக் கட்டிப்போடுகிறது. கெபியும் சிங்கங்களும் அரசனுக்குச் சொந்தம்தான். ஆயினும் அவற்றின் வாய் அவன் பேச்சைக் கேட்கவில்லை. இரவெல்லாம் உண்ணாமல் உறங்காமல் கிடக்கிறான். தெய்வத்தூதன் வந்து வாயைக் கட்டுகிறான். பேரரசின் மிக அச்சமூட்டும் கருவி, பேரரசனுக்கே கட்டுப்படாத ஒன்றாகிவிடுகிறது.

இனி வலுவான மறுப்புக்கு வருகிறேன். ஆதியாகமம் 49இல் யாக்கோபு தன் மகன் யூதாவைச் சிங்கக்குட்டி என்கிறான். அடுத்த வரியிலேயே செங்கோல் வருகிறது. சாலொமோனின் தந்த அரியணையில் கைப்பிடிகளின் அருகே இரண்டு சிங்கங்கள், ஆறு படிகளின் இருபுறமும் பன்னிரண்டு சிங்கங்கள். இதைவிட வெளிப்படையான அரச உரிமைக் கோரிக்கை வேண்டுமா? வேண்டாம், கோரிக்கை இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. அந்தக் கோரிக்கைக்கு மறைநூலுக்குள்ளேயே என்ன நேர்கிறது என்பதுதான் என் கேள்வி. சாலொமோனின் அரியணையை வியந்து சொல்லும் அதிகாரம், பொன்னையும் குதிரைகளையும் அவன் பெருக்கியதையும் சேர்த்தே சொல்கிறது. அரசன் குதிரைகளையும் பொன்னையும் பெருக்கக் கூடாது என்பது உபாகமச் சட்டம். அடுத்த அதிகாரத்தில் அவன் இதயம் விலகிப்போகிறது. யூதாவின் சிங்கக்குட்டிக்கோ எசேக்கியேல் 19 ஒப்பாரியே பாடிவிடுகிறது. தாய்ச்சிங்கம் வளர்த்த குட்டிகள் மனிதரைத் தின்னக் கற்றுக்கொண்டன. ஒன்றை எகிப்துக்கும் மற்றொன்றைப் பாபிலோனுக்கும் பிடித்துப் போனார்கள். எகிப்துக்குப் போனவன் யோவாகாஸ், கி.மு. 609இல் பார்வோன் நேகோ அவனைக் கொண்டுசென்றான். பாபிலோனுக்குப் போனவன் எந்த அரசன் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டாம் குட்டியைக் கூண்டில் அடைத்து, இஸ்ரவேலின் மலைகளில் அதன் குரல் இனிக் கேட்கக் கூடாது என்று வைத்தார்கள் என்கிறது பாடல். அசுர்பானிபாலின் சிற்பத்தில் பார்த்த கூண்டு இங்கே தாவீதின் வம்சத்துக்கு வந்துவிட்டது. மனிதரைத் தின்றதே குற்றச்சாட்டு. எசேக்கியேலும் செப்பனியாவும் நாட்டின் தலைவர்களைக் கர்ச்சிக்கும் சிங்கங்கள் என்று வைவதும் இதே குற்றத்துக்காகத்தான். நாகூம் நினிவேயைச் சிங்கங்களின் குகை என்று ஏளனம் செய்தார். சவக்கடல் சுருள்களில் ஒன்றான நாகூம் உரை, அதே வசனங்களை எடுத்துக்கொண்டு, மனிதரை உயிரோடு தூக்கிலேற்றிய ‘கோபச் சிங்கம்’ ஒருவனைக் குறிப்பிடுகிறது. பெரும்பாலான ஆய்வாளர்கள் அவனை யூத அரசன் அலெக்சாண்டர் யன்னேயு என்கிறார்கள். நினிவேக்குச் சொன்ன வசையை எருசலேமின் அரசனுக்கும் சொல்ல அவர்கள் தயங்கவில்லை.

எண்ணாகமத்தில் பிலேயாமும், மீகாவில் யாக்கோபின் மீதியானவர்களைப் பற்றிய வாக்கும் என் வாதத்தோடு எளிதில் பொருந்தாதவை. இரத்தம் குடிக்கும் வரை படுக்காத சிங்கம் என்று அங்கே இஸ்ரவேல் மக்களே போற்றப்படுகிறார்கள். சிறிய இனமொன்றின் போர்க் கனவு அது. அதை மென்மைப்படுத்திச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனாலும் அங்கே சிங்கம் முழு மக்கள், அரசன் அல்லன். மீகா அதற்கு முந்தைய வசனத்தில் அதே மக்களைப் புல்லின் மேல் பெய்யும் பனி என்கிறார்.

இதைவிட ஆழமான மறுப்பு ஒன்று இருக்கிறது. சிங்கத்தை அரசனிடமிருந்து பறித்துக் கடவுளிடம் கொடுத்ததால் என்ன நன்மை? வன்முறையை மண்ணிலிருந்து விண்ணுக்கு ஏற்றியதுதானே நடந்தது? ஓசியாவில் கர்த்தர் எப்பிராயீமுக்குச் சிங்கமாக வந்து பீறுவேன் என்கிறார்; குட்டிகளை இழந்த கரடி போல் நெஞ்சைக் கிழிப்பேன் என்றும் சொல்கிறார். புலம்பல் பாடுபவர் தன்னைத் தாக்கியவர் கடவுளே, பதுங்கியிருந்த சிங்கம் அவரே என்கிறார். யோபுவும் அப்படியே முறையிடுகிறார். இந்த வரிகளின் கொடுமையைக் குறைத்துச் சொன்னால் அவற்றை எழுதியவர்களுக்குத் துரோகம் செய்வோம். ஆனால் இவற்றில் மூன்றை நான் கவனிக்கச் சொல்வேன். ஒன்று, பேசுபவர்கள் பீறப்பட்டவர்கள். கடவுள் நம் எதிரியைப் பீறுவார் என்று களிப்பதைவிட, நம்மைப் பீறினார் என்று அழுவதே இங்கே மிகுதி. தோற்றுப்போன ஒரு மக்கள் தங்கள் தோல்விக்குப் பாபிலோனின் சிங்கத்தை மட்டும் காரணம் சொல்லாமல், தங்களை எண்ணிப் பார்த்தார்கள். அடுத்து, ஓசியாவின் அதே நூலில், 11ஆம் அதிகாரத்தில், அதே கர்ச்சனை பிள்ளைகளை வீட்டுக்கு அழைக்கும் குரலாகிறது. எகிப்திலிருந்தும் அசீரியாவிலிருந்தும் அவர்கள் நடுங்கிக்கொண்டு பறவைகளாய் வருகிறார்கள். மூன்றாவதாக, யோபுவின் நூலின் முடிவில் கடவுள் கேட்கும் கேள்விகளில் ஒன்று, சிங்கக்குட்டிகளின் பசியைத் தீர்ப்பது நீயா என்பது. 104ஆம் சங்கீதத்தில் இளஞ்சிங்கங்களின் கர்ச்சனை கடவுளிடம் உணவு கேட்கும் கோரிக்கை. அங்கே சிங்கமும் பசிக்கும் உயிர்களில் ஒன்று. பொழுது புலர்ந்ததும் அது குகைக்குத் திரும்ப, மனிதன் வேலைக்குப் புறப்படுகிறான். ஏசாயா 11இல் சிங்கம் மாட்டைப்போல் வைக்கோல் தின்னும் காட்சியைத்தான் நாம் அதிகம் மேற்கோள் காட்டுகிறோம். இரைதேடும் சிங்கத்தையே குறைசொல்லாமல் ஏற்கும் இந்தச் சங்கீதம் எனக்கு அதைவிடத் துணிவானதாகப் படுகிறது.

புதிய ஏற்பாட்டில் நான்கு சுவிசேஷங்களிலும் சிங்கம் ஓரிடத்தில்கூட வருவதில்லை. இயேசுவின் உவமைகளில் ஓநாய், நரி, ஆடு, குருவி எல்லாம் உண்டு. அரசர்களின் விலங்கு இல்லை. பிறகு வெளிப்படுத்தின விசேஷத்தில், ஏழு முத்திரைகளிட்ட சுருளைத் திறக்க யாரும் இல்லாமல் யோவான் அழும்போது, யூதா கோத்திரத்துச் சிங்கம் வென்றது என்று மூப்பர் ஒருவர் சொல்கிறார். யோவான் பார்க்கிறார், நிற்பது அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி. அந்தப் பட்டப்பெயர் அந்நூலில் மறுபடி வருவதே இல்லை. கிறிஸ்துவை ஆட்டுக்குட்டி என்று சொல்வதோ 28 முறை. சிங்கத்தின் பற்கள் வெட்டுக்கிளிகளுக்கும், தலை கொலைக்குதிரைகளுக்கும், வாய் கடலிலிருந்து எழும் மிருகத்துக்கும் போய்விடுகின்றன. அந்த மிருகம் ரோமப் பேரரசு. பேரரசின் வாய் சிங்கத்தின் வாய் என்பதை யோவான் தானியேலிடமிருந்து கற்றிருந்தார்.

இந்தக் காட்சியை வைத்து, யூதர்கள் சிங்கத்தை எதிர்பார்த்தார்கள், கிறிஸ்தவர்களுக்கு ஆட்டுக்குட்டி கிடைத்தது என்று பல பிரசங்கங்கள் சொல்கின்றன. இதை நான் வன்மையாக மறுக்கிறேன். கி.பி. 70இல் ஆலயம் இடிந்தபின், ஏறத்தாழ வெளிப்படுத்தின விசேஷத்தின் காலத்திலேயே, ஒரு யூதர் எழுதிய நூல் எஸ்றாவின் நான்காம் நூல். அதில் பல சிறகுகளும் மூன்று தலைகளும் கொண்ட கழுகு உலகை ஆள்கிறது, கழுகு ரோம். காட்டிலிருந்து ஒரு சிங்கம் எழுந்து வருகிறது; அது தாவீதின் வழியில் வரும் மேசியா என்று நூலே விளக்குகிறது. அந்தச் சிங்கம் கழுகின் மேல் பாயவில்லை. மனிதக் குரலில் பேசுகிறது. எளியவரை ஒடுக்கினாய், உண்மை பேசியவரை வெறுத்தாய், தீங்கு செய்யாதவரின் மதில்களை இடித்தாய் என்ற பொருளில் குற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறது. அது பேசிக்கொண்டிருக்கும்போதே கழுகின் எஞ்சிய தலை மறைந்து, உடல் தீப்பற்றுகிறது. அழிவு உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதற்கான கருவி பல்லும் நகமும் அல்ல, குற்றச்சாட்டு. ஆமோஸ் கேட்ட கர்ச்சனை இங்கே நீதிமன்றப் பேச்சாகிவிட்டது. யோவானின் சிங்கம் சுருளைத் திறக்க உரிமை பெற்றது; எஸ்றா நூலின் சிங்கம் வாய்திறந்து வழக்கை எடுத்துரைத்தது. ஒரே பேரழிவின் நிழலில் இரு யூத எழுத்தாளர்கள், ஒரே தீர்க்கதரிசனப் பள்ளியின் மாணவர்கள்.

அதன்பின் யூத மரபில் சிங்கம் நின்ற இடம் இதை உறுதிசெய்கிறது. கி.பி. 6ஆம் நூற்றாண்டின் பெத் அல்பா தொழுகைக்கூடத் தரையோவியம் 1928இன் இறுதியில் வெளிப்பட்டது. அடுத்த ஆண்டு எலியேசர் சுகேனிக் அதை அகழ்ந்தார். அதில் தோராச் சுருள்கள் வைக்கும் பேழையின் இருபக்கமும் சிங்கங்கள் நிற்கின்றன. பிற்கால ஐரோப்பியத் தொழுகைக்கூடங்களிலும் பேழையின் மேலும் திரைச்சீலையிலும் அவையே. சாலொமோனின் படிகளில் நின்ற காவலர்கள் சுருளுக்குக் காவலர்களாக மாறினார்கள். மிஷ்னாவின் ‘பிதாக்களின் மொழிகள்’ பகுதியில் யூதா பென் தேமா, விண்ணகத் தந்தையின் விருப்பத்தைச் செய்யச் சிங்கம் போல் வலிமையாயிரு என்று சாதாரண யூதனுக்குச் சொல்கிறார். கிறிஸ்தவ மரபும் எசேக்கியேலின் நான்கு முகங்களை எடுத்துச் சிங்கத்தை நற்செய்தியாளரிடமே கொடுத்தது. எந்த நற்செய்தியாளர் என்பதில் இரேனியு யோவானையும், அகுஸ்தீன் மத்தேயுவையும், ஜெரோம் மாற்குவையும் சொன்னார்கள். ஜெரோமின் முடிவு நிலைத்தது. மூவருமே சிங்கத்தை எழுதுகிறவரின் பக்கத்தில்தான் வைத்தார்கள்.

சிங்கம் மறுபடி கொடிகளிலும் அரியணைகளிலும் ஏறவில்லையா என்று கேட்பீர்கள். ஏறியது. வெனிஸ் குடியரசு மாற்குவின் சிங்கத்தைத் தன் கடற்படையோடு அனுப்பியது. எத்தியோப்பியாவில் 14ஆம் நூற்றாண்டின் ‘கெப்ரா நகாஸ்ட்’ அரச வம்சத்தைச் சாலொமோனோடு இணைத்தது. அந்நாட்டுப் பேரரசர்களின் முத்திரைகளிலும் கடிதங்களிலும் யூதா கோத்திரத்துச் சிங்கம் வென்றது என்ற வாசகம் முதலில் வரும். பிறகுதான் அரசனின் பெயர். தொடக்கத்தில் அது கிறிஸ்துவைப் பற்றிய அறிக்கை; அதன் கீழ்தான் அரசன் தன் பெயரை எழுதினான். வெளிநாட்டார் அதை அரசனின் பட்டமாகப் படித்தார்கள். காலப்போக்கில் அரண்மனையும் அந்தப் படிப்பை ஏற்றுக்கொண்டது. 1974இல் ஹெய்லே செலாசி பதவி நீக்கப்பட்டபோது உலகச் செய்தித்தாள்கள் யூதாவின் சிங்கம் வீழ்ந்தது என்று பேசின. அந்த வாசகத்தின் பழைய வரிசைப்படி பார்த்தால் வீழ்ந்தது இரண்டாவதாக எழுதப்பட்ட பெயர் மட்டுமே.